புதுச்சேரியை நடந்தே பார்ப்பது எப்படி: வாய்க்காலின் இரண்டு பக்கமும், இரண்டு நாளில்

புதுச்சேரிக்கு வந்து போகும் பலர் பார்க்கிற ஊர் ஒன்றரை கிலோமீட்டர் நீளமும் நாலைந்து வீதி அகலமும்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஒரு போட்டோ, கடல் பார்த்தபடி ஒரு காபி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அந்த மஞ்சள் சுவர் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊரைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டாமல் திரும்புகிறவர்கள் இந்த ஊரின் பாதிக்கும் மேலானதைப் பார்க்காமலே போகிறார்கள். என் அத்தை வீடு முத்தியால்பேட்டையில் இருந்தது, சின்ன வயதிலிருந்து விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். யார் கேட்டாலும் நான் சொல்லும் வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இரண்டு முழு நாள் வேண்டும், நல்ல செருப்பு வேண்டும்.

புறப்படும் முன்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பகல் பதினொன்றுக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. தேதியை நீங்களே முடிவு செய்ய முடிந்தால் மூன்று நாட்களை மனதில் வையுங்கள். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், அன்று கடற்கரையில் இருக்கும் போர் நினைவிடத்துக்கு விளக்கலங்காரம் செய்வார்கள், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவார்கள். அவர்களை ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வோம். ஆகஸ்ட் 15 நாட்டின் சுதந்திர நாள், அரவிந்தர் பிறந்த நாளும் அதுவே. நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள்.

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அருங்காட்சியகங்கள் பொதுவாக அன்றுதான் மூடியிருக்கும். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த நாலு பேரை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை முழுக்கப் பூட்டிய கதவுகளையே காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இன்னொன்று, இங்கே நிறைய கடைகள் மதியம் ஒரு மணிக்கு இழுத்து மூடி நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். அதனால் காலையைச் சீக்கிரம் தொடங்கி, மதியம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலையில் மறுபடி இறங்குவதுதான் இந்த ஊருக்கு ஒத்துவரும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர், பேருந்துகள் நிறைய உண்டு. விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை 1879இலேயே வந்துவிட்டது, எழும்பூரிலிருந்து நேராகவும் வண்டி இருக்கிறது. கார் கொண்டுவந்தால் விடுதியிலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளூருக்குள் நடை, தூரத்துக்கு வாடகை ஸ்கூட்டர் அல்லது ஆட்டோ, ஆட்டோவில் ஏறும் முன்பே காசு பேசிவிட வேண்டும். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் காலை: கடற்கரையை விட்டுவிட்டுத் தெற்கே போங்கள்

எல்லோரும் கடற்கரைச் சாலையில் தொடங்குவார்கள். நான் ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் தொடங்கச் சொல்வேன். கடலூர் சாலையில் தெற்கே போய், அரியாங்குப்பம் தாண்டி, காக்காயந்தோப்புப் பக்கம் கிழக்கே திரும்பினால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்பும் தென்னையுமாக ஒரு மேடு வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மரங்களுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கும், பலர் அதையே ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் பயன்படுத்திய கட்டடத்தின் மிச்சம். பழைய ஊர் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது.

அந்த மண்ணுக்குள் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிவந்த மணிகளையும் சில்லுகளையும் பார்த்து 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்த இடத்தை உலகத்துக்குச் சொன்னார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ பகுதியில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுப் பாத்திரங்களின் சில்லுகள் கிடைத்தன. அந்தப் பாத்திரங்களுக்கு இத்தாலியில் காலம் தெரியும் என்பதால், அதே மண்ணடுக்கில் கிடைத்த தென்னிந்தியப் பானைகளுக்கும் முதன்முறையாக உறுதியான காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு திருப்பம். அடுத்து கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். இது ரோமானியர் வந்து உருவாக்கிய ஊர் அல்ல, அவர்கள் வருமுன்பே இங்கே ஊர் இருந்தது, அவர்கள் போன பிறகும் பல நூற்றாண்டு இருந்தது என்பதை அவருடைய வேலைதான் தெளிவாக்கியது. ஒயினும் எண்ணெயும் வந்த அம்போரா ஜாடிகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், கண்ணாடி மணிகள் எல்லாம் இங்கே கிடைத்தன. மணிகளை இங்கேயே செய்தார்கள். கிரேக்க மாலுமியின் பயணக் குறிப்பான பெரிப்ளூஸில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

தரையில் கிடக்கும் ஓட்டுச் சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம், எடுப்பது குற்றம். மேலும், எடுத்த இடம் தெரியாமல் போனால் அந்தச் சில்லு எதையும் சொல்லாது.

அங்கிருந்து வீராம்பட்டினம் கடற்கரை பக்கம்தான். மீனவ ஊர், படகுகள் கரையேறும் காலை நேரத்தில் போனால் கடற்கரை வேலைக்களமாக இருக்கும், வலைக்குக் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். இங்கே செங்கழுநீர் அம்மன் கோவில் ஆடித் தேர் பெரிய திருவிழா. பிரெஞ்சுக் காலத்தில் ஆளுநர் வந்து தேர் வடம் பிடிப்பார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார்.

அருங்காட்சியகம், பூங்கா, மணக்குளம்

பத்து மணிக்கு நகரத்துக்குத் திரும்பி நேராக செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அரிக்கமேட்டை முதலில் பார்க்கச் சொன்னதே இதற்காகத்தான். மேட்டில் கண்ணுக்குத் தெரியாதது இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அம்போரா, மணிகள், சில்லுகள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் உள்ள அறையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளே படுத்த கட்டில் என்று காட்டுவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும்.

வெளியே வந்தால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இருப்பது. பார்த்தால் பிரான்சிலிருந்து பெயர்த்துவந்த மாதிரி இருக்கும், ஆனால் பெயர் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. ஆயி என்ற தாசியின் வீட்டில் எரிந்த விளக்குகளைப் பார்த்து, கோவில் என்று நினைத்து விஜயநகர மன்னர் கும்பிட்டுவிட்டாராம், பிறகு உண்மை தெரிந்து கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னாராம். ஆயி வீட்டைத் தானே இடித்து அந்த இடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பல தலைமுறை கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது அந்தக் கதையைக் கேட்ட பேரரசர் அவள் பெயரில் மண்டபம் எழுப்பச் சொன்னதாகச் சொல்வார்கள். மன்னர் யார், எந்த ஆண்டு என்றெல்லாம் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். ஒரு நகரம் தனக்குத் தண்ணீர் கொடுத்தவளைச் சின்னமாக வைத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு அதுவே போதும்.

பக்கத்திலேயே ராஜ் நிவாஸ் என்று அறியப்பட்ட துணைநிலை ஆளுநர் மாளிகை, அதைத் தாண்டினால் மணக்குள விநாயகர் கோவில். மணல் குளம்தான் மணக்குளம் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் கோவில், அவர்கள் குடியிருப்புக்கு நடுவிலேயே நின்று பிடித்தது. வாசலில் நின்று எல்லோர் தலையிலும் தும்பிக்கை வைத்த லட்சுமி யானை 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்துவிட்டது. அந்த இடத்தைக் கடக்கும்போது இன்னும் கண் தானாகத் தேடுகிறது.

அரவிந்தர் ஆசிரமம் இரண்டு நிமிட நடை. அவர் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே வந்தார், ஆசிரமம் 1926இல் உருவானது. உள்ளே சமாதியைச் சுற்றி யாரும் பேச மாட்டார்கள், கைபேசியை அணைத்துவிட்டுப் போங்கள். சின்னக் குழந்தைகளை அனுமதிப்பதில்லை, அதனால் குடும்பமாக வந்தால் முறை வைத்து ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் மாலை: புல்வாரும் கடற்கரையும்

மாலை நான்கரைக்கு மறுபடி இறங்குங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பகுதியைப் பழைய ஆட்கள் புல்வார் என்பார்கள், இப்போது எல்லோரும் ஒயிட் டவுன் என்கிறார்கள். டூமா வீதி, சப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதி என்று எதிலும் நுழையலாம், கட்டம் போட்ட ஊர், தொலைந்துபோக வழியே இல்லை. அந்தக் கட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் கொடியை நட்டார், 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் வீதிகளுக்கு அவர்கள் வரைபடம் போட்டார்கள்.

இங்கே நடக்கும்போது மனதில் வைக்க வேண்டிய ஆண்டு 1761. 1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைத் தகர்த்தார். அதற்குப் பழி வாங்குவதுபோல, 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு லா த லொரிஸ்தோன் என்ற ஆளுநர் காலத்தில் பழைய வீதிக் கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். ஆக, துய்ப்ளே காலத்து வீடு என்று யாராவது ஒரு மஞ்சள் சுவரைக் காட்டினால் நம்பாதீர்கள். வீதிகளின் கோடுதான் பழையது, சுவர்கள் அதற்குப் பிந்தியவை.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு மட்டும். போர் நினைவிடம் முதல் உலகப் போரில் இறந்த புதுச்சேரிப் படைவீரர்களுக்கானது. பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்தூண்களை எல்லோரும் சாய்ந்துகொள்ளத்தான் பயன்படுத்துகிறார்கள், கிட்டப் போய்ச் சிற்ப வேலையைப் பாருங்கள், அவை பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. கொஞ்சம் தெற்கே மேரி கட்டடம், பழைய நகராட்சி மாளிகை. பழையது 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்துவிட்டது, இப்போது நிற்பது அதே அச்சில் மறுபடி கட்டியது. பல வருடம் பராமரிப்பில்லாமல் விட்டு, விழுந்த பிறகு கட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான். அடுத்து உள்ளே தள்ளி கப்ஸ் கோவில், கப்புச்சின் பாதிரியார்களால் வந்த பெயர், 1855இல் கட்டிய தேவாலயம். எதிரே ழான் தார்க் சிலை. தெற்குக் கோடியில் துய்ப்ளே சிலை.

இப்போது பாறைகளில் உட்காருங்கள். ஏன் இங்கே மணல் இல்லாமல் கல்லாகக் கிடக்கிறது என்று கேட்டால் நிறைய பேருக்குத் தெரியாது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்தடுப்புகள் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது, நகரத்துக் கடற்கரை கரைந்தது. ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, ஆனால் வடக்கே வைத்திக்குப்பம், அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவக் குப்பங்கள் என்று ஒவ்வொன்றாகக் கடல் தின்றுகொண்டே போனது. அங்கே வீடிழந்தவர்கள் அந்தத் துறைமுகத்தால் எந்தப் பயனும் அடையாதவர்கள். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கிறது. மணலைக் கண்டதும் இறங்கிவிடாதீர்கள். அடியில் கல் இருக்கிறது, இழுப்பும் இருக்கிறது, இங்கே குளிக்கப் போய்ச் செத்தவர்கள் உண்டு.

இரண்டாம் நாள்: வாய்க்காலுக்கு மேற்கே

இந்த நாளுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கே மிஷன் வீதியில் நில்லுங்கள். சம்பா கோவில், அதாவது ஜென்மராக்கினி மாதா பேராலயம், இப்போதைய கட்டடம் 1791இல் முடிந்தது. 'சான் பவுலோ'தான் நம் வாயில் சம்பாவாகிவிட்டது. அழகான கோவில், உள்ளே போய்ப் பாருங்கள். இதன் பக்கத்திலேயே ஒரு காலத்தில் வேதபுரீசுவரர் கோவில் இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது துய்ப்ளே அதை இடிக்க வைத்தார். எப்படி இடித்தார்கள், யார் என்ன சொன்னார்கள், ஊர் எப்படிக் கலங்கியது என்பதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் வீடுதான் அடுத்தது, பெரிய மார்க்கெட் பக்கம், அவர் பெயரிலேயே உள்ள வீதியில். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, அரண்மனைச் சண்டை, கெட்ட சகுனம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதியது, அதுவும் ஏறக்குறைய அன்றைய பேச்சுத் தமிழில். நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். நகரம் இடிந்தது, அவர் வீடு நின்றது. கீழ்த்தளம் மரத்தூண் வைத்த தமிழ் வீடு, மேல்தளம் பிரெஞ்சு பாணித் தூண்கள். எப்போதும் திறந்திருக்கும் இடம் இல்லை, உள்ளே போக முடியாவிட்டாலும் வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

அப்படியே குபேர் அங்காடிக்குள் நுழைந்துவிடுங்கள், ஊர் வழக்கில் பெரிய மார்க்கெட். பூ, மீன், காய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்து. காலை எட்டு மணிக்கு மீன்காரம்மாக்கள் குரல் உச்சத்தில் இருக்கும். வாங்காமல் சும்மா படம் எடுத்தால் திட்டு விழும், கேட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு வடக்கே, ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதி. இடிக்கப்பட்ட வேதபுரீசுவரருக்குப் பின்னாளில் கட்டிய கோவில் இங்கேதான் இருக்கிறது. அதே வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். ஆங்கிலேய அரசு பிடித்துவிடும் என்று 1908இல் வந்தவர், 1918 நவம்பரில் வெளியேறியதும் கடலூர்ப் பக்கம் கைதானார். இடையில் பத்து வருடம். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் இந்த ஊரில் எழுதியவை. கையில் காசில்லை, வாசலில் உளவாளிகள், அந்த நிலையில் எழுதியவை. உள்ளே முற்றத்தில் உட்கார்ந்து ஏதாவது நாலு வரி வாய்விட்டுப் படியுங்கள், நான் ஒவ்வொரு முறையும் செய்வேன். பாரதிதாசன் இல்லம் பெருமாள் கோவில் வீதியில், நடக்கும் தூரம்தான்.

இந்த வட்டாரத்திலேயே வைசியாள் வீதியில் ஒரு நடை. திண்ணையும் அதற்கு முன்னால் வழிப்போக்கருக்காக இறக்கிய தாழ்வாரமுமாக வீடுகள் வரிசையாக இருக்கும், வெயிலில் நடந்து வருகிறவன் ஒதுங்குவதற்காக வீட்டுக்காரன் தன் இடத்திலிருந்து விட்டுக்கொடுத்தது அது. தெற்கே காசி வீதி, முல்லா வீதிப் பக்கம் போனால் முஸ்லிம்கள் வாழும் பகுதி, மசூதிகளும் அலங்காரக் கதவுகளும். பலரும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

மதியம் சாப்பாட்டுக்கு முன் ரயில் நிலையம் எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்கா, 1907இல் கட்டியது, வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழுவதைப் பார்க்க இந்த நேரம் நன்றாக இருக்கும். அந்தப் பக்கம் கடலூர் சாலையில் ஆலைகளின் பழைய சுவர்களையும் பார்க்கலாம். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. சுற்றுலா வரைபடங்களில் இந்த இடத்தைக் குறிப்பதில்லை, குறிக்க வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. புல்வாரில் விலை அதிகம், சுவை கடைக்குக் கடை மாறும். மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு வாய்க்காலுக்கு மேற்கேயே உட்காருங்கள். விறகடுப்பில் சுட்ட நீள ரொட்டியைக் காலையில் சுடச்சுட வாங்கித் தின்ன வேண்டும். எங்காவது 'நெம்' கிடைத்தால் விடாதீர்கள். இந்தோசீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாம் சுருள் அது, பல புதுச்சேரி வீடுகளில் அவர்கள் கை வழியாகத்தான் இன்னும் இருக்கிறது. மது மலிவு என்று பாட்டில் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள், சோதனைச் சாவடியில் மாட்டினால் பயணமே பாழ்.

மிச்சமிருக்கும் நேரத்துக்கு

கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டால் சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகில் முகத்துவார மணல்திட்டுக்குப் போகலாம், வார இறுதியில் வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள். அங்கேயும் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. தங்கக் கோளமான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் இலவசச் சீட்டு தருவார்கள். உள்ளே போய் அமர முன்பதிவு வேண்டும். மேலே சொன்ன இரண்டு நாளுக்குள் இதைத் திணிக்காதீர்கள், அரை நாளாவது தனியாகக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தால் மேற்கே வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவிலைப் பார்த்துவிட்டுக் கீழூருக்குப் போவேன். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நினைவிடம் சின்னது, வயல்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும், பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அரிக்கமேட்டையும் படகையும் விட்டுவிடுங்கள். காலை ஏழுக்குச் சம்பா கோவிலில் தொடங்கி, மார்க்கெட், பாரதியார் வீடு, வைசியாள் வீதி என்று முடித்து, மதியம் தூங்கி, நான்கரைக்கு வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே வந்தால், ஆறு மணிக்கு வண்டிகள் நிற்கும்போது சரியாகக் கடற்கரையில் இருப்பீர்கள்.